பழைய தோட்ட டிராக்டரை இழுவைப் போட்டிக்குத் தயார் செய்வது: ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்ட டிராக்டர் (வீட்டுப் புல்வெளியில் புல் வெட்டும் சின்ன டிராக்டர்) இழுவையில் முதல் வருடம் தோற்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினால் தோற்பதில்லை. கொக்கியின் உயரம், முன்பக்க எடை, டயர் காற்று, கிளட்ச் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று சரியில்லாமல்தான் தோற்கிறார்கள். நானும் அப்படித்தான் தோற்றேன். அதனால் இந்த வழிகாட்டியில் இன்ஜினைக் கடைசியில்தான் தொடப்போகிறேன். உங்கள் நேரத்தையும் பணத்தையும் இதே வரிசையில் செலவழித்தால் முதல் பருவத்திலேயே நல்ல தூரம் போகலாம்.

போட்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். ஓஹாயோ, இண்டியானா, இல்லினாய்ஸ், விஸ்கான்சின் போன்ற அமெரிக்க மாநிலங்களில் கோடைக் காலத்து ஊர்ச் சந்தைகளில் இதைப் பார்க்கலாம். களிமண்ணை அடித்து இறுக்கிய தடம். டிராக்டருக்குப் பின்னால் ஸ்லெட் என்ற இரும்பு இழுவை வண்டி. வண்டி நகர நகர, அதன் மேலுள்ள எடைப்பெட்டி பின்சக்கரங்களுக்கு மேலிருந்து முன்பக்கம் ஊர்ந்து வரும். முன்பக்கத்துத் தட்டு மண்ணில் அழுந்தும், சுமை கூடிக்கொண்டே போகும். தடத்தின் முடிவுவரை இழுத்துவிட்டால் 'முழு இழுவை'. இல்லையென்றால் நின்ற இடம்வரை அளப்பார்கள். பெரிய டிராக்டர்களுக்கான தேசிய இழுவைச் சங்கம் 1969-இல் தொடங்கியது. தோட்ட டிராக்டர் இழுவை அதே விளையாட்டின் சின்ன வடிவம். இதில் ஓட்டுபவரும் எடையில் சேர்த்தி.

விதிப்புத்தகம்தான் முதல் கருவி

ஸ்பேனரைத் தொடும் முன் நீங்கள் இழுக்கப்போகும் சங்கத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். எடைப் பிரிவு, கொக்கியின் அதிகபட்ச உயரம், டயர் அளவு, இன்ஜின் வேகம் எல்லாமே சங்கத்துக்குச் சங்கம் மாறும். கொக்கி உயரம் 13 அங்குலம் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். ஆனால் பக்கத்து ஊரிலேயே வேறு எண் இருக்கலாம். முதல் வருடம் 'ஸ்டாக்' பிரிவில் மட்டும் இழுங்கள். அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜின், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், சாதாரண பெட்ரோல். மெத்தனால் எரிபொருளும் வெட்டிக் கூராக்கிய டயர்களும் உள்ள திறந்த பிரிவுகள் வேறு உலகம்.

எந்த டிராக்டர்

விஸ்கான்சினின் ஹோரிக்கனில் தயாரான ஜான் டியர் 110, இண்டியானாவின் சவுத் பெண்டிலிருந்து வந்த வீல் ஹார்ஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் என நல்ல பழைய வண்டிகள் பல உண்டு. என் கை போவது கப் கேடட்டுக்கு. 1961-இல் வந்த முதல் கப் கேடட்டில் 7 குதிரைத்திறன் கோலர் இன்ஜின். இன்ஜினிலிருந்து பின்பக்க கியர் பெட்டிவரை பெல்ட் கிடையாது, நேரே ஷாஃப்ட்தான். அந்தக் கியர் பெட்டியும் ஃபார்மால் கப் என்ற உண்மையான வயல் டிராக்டரின் வழி வந்தது. இழுவைக்காரர்கள் தலைமுறையாக இதைத் தேடி வாங்குவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

என்னுடையது 122. 1965 முதல் 1967 வரை வந்த மாடல், 12 குதிரைத்திறன் கோலர் கே301 இன்ஜின், முன்னோக்கி மூன்று கியர். அதே வரிசையில் 102 என்பது 10 குதிரைத்திறன். 123-இல் கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம் இருக்கிறது. புல் வெட்ட அது அருமை, ஆனால் இழுவைக்குக் கியர் வண்டிதான் சரி. ஹைட்ரோ பம்ப் தின்னும் சக்தி திரும்பி வராது.

வாங்கப்போகும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, இன்ஜின் பிளாக்கில் பக்கவாட்டில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்பது. கனெக்டிங் ராடு உடைந்து வெளியே வந்த இன்ஜினாக இருக்கலாம். இரண்டாவது, பின்பக்க கியர் பெட்டியின் வார்ப்பிரும்பில் கொக்கி மாட்டும் இடத்தில் விரிசல். மூன்றாவது, ஃப்ளைவீலைக் கையால் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான கோலர் கே வரிசை இன்ஜின்களின் கேம்ஷாஃப்டில் ஸ்டார்ட் ஆக உதவும் கம்ப்ரஷன் ரிலீஸ் இருப்பதால், கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணை நம்ப முடியாது. பின்னோக்கிச் சுற்றும்போது அந்த ரிலீஸ் வேலை செய்யாது. வீல் சட்டென்று எதிர்த்துத் துள்ளினால் ரிங்கும் வால்வும் நன்றாக இருக்கின்றன. மெத்தென்று சுற்றிக்கொண்டே போனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

படி 1: பாதுகாப்பு

இதை முதலில் செய்யாதவர்கள் கடைசிவரை செய்வதில்லை, அதனால்தான் முதல் படி.

பின்பக்கம், கொக்கிக்கு மேலே நடுவில், கில் சுவிட்ச் வையுங்கள். ஸ்லெட்டிலிருந்து வரும் கயிறு இதில் மாட்டப்படும். சங்கிலி அறுந்தாலோ கொக்கி கழன்றாலோ கயிறு சுவிட்சின் பின்னைப் பிடுங்கி இன்ஜினை நிறுத்த வேண்டும். பேட்டரி இக்னிஷன் வண்டியில் அது காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டிக்க வேண்டும். மேக்னெட்டோ வண்டியில் காயிலை எர்த் செய்ய வேண்டும். இரண்டும் நேரெதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள். மாட்டியதும் இன்ஜின் ஓடும்போது பின்னைக் கையால் இழுத்துப் பார்த்து, உடனே நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

வீலி பார் கட்டாயம். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழாமல் தாங்கும் இரண்டு கால்கள் அவை. பின் டயருக்கும் பின்னால் நீண்டிருக்க வேண்டும். முழு வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் அதில் நின்றாலும் வளையக் கூடாது. ஜாக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, வண்டியை உண்மையிலேயே அதன் மேல் உட்காரவைத்துச் சோதியுங்கள்.

அப்புறம் ஃப்ளைவீல். கப் கேடட்டில் ஃப்ளைவீல் இன்ஜினின் பின்பக்கம், அதாவது உங்கள் கால்களைப் பார்த்தபடி இருக்கிறது. கோலரின் அசல் ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. கவர்னர் கட்டுப்படுத்தும் நிமிடத்துக்கு 3600 சுற்றில் அது பல பத்து வருடம் ஓடும். 4000-ஐத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து உண்டு, துண்டுகள் தகடு கிழித்து வெளியே வரும். அதிக வேகம் வேண்டுமென்றால் எஃகுக் கட்டியிலிருந்தோ அலுமினியக் கட்டியிலிருந்தோ கடைந்த ஃப்ளைவீலும் தடுப்புக் கவசமும் வாங்கிய பிறகுதான். கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி 'கொஞ்சம்' வேகம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பழைய பெட்ரோல் ஹோஸை மாற்றுங்கள். தீயணைப்பான் ஒன்று, ஹெல்மெட், முழுக்கால் பேன்ட், ஷூ ஆகியவையும் வேண்டும்.

படி 2: கொக்கி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். போட்டியில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

சங்கிலி பின்னோக்கி இழுக்கும்போது, டிராக்டரின் முன்பக்க எடை பின் சக்கரத்துக்கு மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். இழுக்கும் விசையைக் கொக்கி உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். அச்சுகளின் தூரம் 40 அங்குலம், இழுவிசை 700 பவுண்டு, கொக்கி 13 அங்குலத்தில் என்று வைத்துக்கொள்வோம். 700 × 13 ÷ 40, கிட்டத்தட்ட 227 பவுண்டு. அதாவது 103 கிலோ முன்பக்கத்திலிருந்து பின் டயருக்குப் போகிறது. அதே கொக்கியை 10 அங்குலத்துக்கு இறக்கினால் 175 பவுண்டு மட்டுமே. மூன்று அங்குலத்தில் 52 பவுண்டு வித்தியாசம். பின் டயரை மண்ணில் அழுத்தும் இலவச எடை இது. அதனால்தான் எல்லோரும் விதி அனுமதிக்கும் உச்ச உயரத்தில் கொக்கியை வைக்கிறார்கள்.

ஆனால் அந்த 227 பவுண்டு முன்பக்கத்தில் இருந்தால்தானே பின்னால் போக முடியும்? என் முதல் போட்டியில் நான் கொக்கியை 13 அங்குலத்தில் வைத்தேன், மூக்கில் போதிய எடை வைக்கவில்லை. அறுபது அடி தாண்டியதும் முன் சக்கரங்கள் இரண்டும் காற்றில். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திரும்ப ஒன்றுமில்லை. வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. சிவப்புக் கொடி. தடத்தை விட்டு வெளியேறியதால் அளவே எடுக்கவில்லை. இன்ஜின் அப்போதும் கவர்னரில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் இழுக்கச் சக்தி மிச்சம் இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

கொக்கி அச்சுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு எழும்பும்போது கொக்கி தாழும். தாழ்ந்தால் எடை மாற்றம் குறையும். ஆகவே மூக்கு உயர எழுவது பார்ப்பவர்களுக்கு விருந்து, உங்களுக்கு நஷ்டம். முன் டயர் மண்ணை உரசியும் உரசாமலும் போவதே நல்ல இழுவை.

கொக்கியின் விசை நேரே பின்பக்க வார்ப்பு உடலுக்கும் அச்சுக் குழாய்களுக்கும் போக வேண்டும். ஃபென்டர் தகட்டிலோ மெல்லிய பட்டையிலோ தொங்கக் கூடாது. கிரேடு 8 போல்ட் பயன்படுத்துங்கள். தலையில் ஆறு கோடுகள் இருந்தால் அது கிரேடு 8, மூன்று கோடு என்றால் கிரேடு 5. அளக்கும்போது போட்டியில் வைக்கப்போகும் டயர் காற்றோடு, நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி, இன்னொருவர் அளக்கட்டும். வெறும் வண்டியில் அளந்துவிட்டுப் போனால், அங்கே அரை அங்குலம் வித்தியாசம் வந்து உயரம் வீணாகும்.

படி 3: எடை

உங்கள் பிரிவு 1050 பவுண்டு (476 கிலோ) என்றால் நீங்கள், பெட்ரோல், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து அந்த எண்ணுக்கு ஒன்றிரண்டு பவுண்டு கீழே நிற்க வேண்டும். வார்ப்பிரும்பு சூட்கேஸ் எடைகள்தான் வசதி. கைப்பிடி இருக்கும், கழற்றி மாட்டலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். டயருக்குள் தண்ணீர் நிரப்புவது வயலில் நல்ல வழக்கம். இங்கே அது வேண்டாம், அந்த எடையை நகர்த்த முடியாது.

முன் சக்கரங்களை ஒரு தராசிலும் பின் சக்கரங்களை இன்னொன்றிலும் வைத்து, நீங்கள் உட்கார்ந்து எடை பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் இருக்கும்படி தொடங்குங்கள். 1050-இல் அது 350 பவுண்டு. மேலே போட்ட 227 போக, சங்கிலி கீழ்நோக்கிச் சரிந்து இழுப்பதால் கூடுதலாகப் போவதற்கும் இடம் மிஞ்சும். பிறகு ஒவ்வொரு இழுவைக்கும் ஒரே ஒரு எடைக்கட்டியை மட்டும் நகர்த்துங்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூக்கு எழவே இல்லை, டயர் சுற்றி நின்றது என்றால் ஒரு கட்டியைப் பின்னால் கொண்டுவாருங்கள். மூக்கு சீக்கிரம் எழுந்தால் முன்னால் கொண்டுபோங்கள். எடைகள் அசையக் கூடாது, பின் போட்டுப் பூட்டுங்கள். தடத்தில் ஒரு கட்டி விழுந்தால் இழுவை ரத்தாகும்.

படி 4: டயரும் பின் அச்சும்

23×10.50-12 அளவு பல ஸ்டாக் பிரிவுகளில் ஓடுகிறது. 26×12.00-12 பெரிய பிரிவுகளுக்கு. குறுக்குப் பட்டைகள் கூர்முனையோடு இருக்கும் விவசாய டயராக வாங்குங்கள். தார் ரோட்டில் ஓடி முனை மழுங்கிய பழைய டயர் களிமண்ணில் வழுக்கும்.

காற்று 8 பவுண்டில் தொடங்கலாம். குறைக்கக் குறைக்க மண்ணில் படும் பரப்பு கூடும். ஒரு கட்டத்தில் பக்கச் சுவர் மடிந்து, டயர் ரிம்மில் வழுக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு. இழுத்து முடித்ததும் இரண்டு கோடும் ஒரே நேரில் இருக்கிறதா பாருங்கள். விலகியிருந்தால் ஒரு பவுண்டு ஏற்றுங்கள்.

சாதாரண டிஃபரென்ஷியல் இருந்தால் பிடி குறைந்த பக்கத்துச் சக்கரம் மட்டும் சுற்றும், வண்டி நிற்கும். விதி அனுமதித்தால் இரண்டு அச்சையும் பூட்டும் ஸ்பூல் போடுங்கள். பூட்டிய பிறகு இரண்டு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து, பெரியதில் கொஞ்சம் காற்றைக் குறைத்துச் சமன் செய்யுங்கள். இல்லையென்றால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

கியர் பெட்டியில் பழைய எண்ணெயை வடித்துவிட்டு ஹை-டிரான் வகை எண்ணெய் 7 பைன்ட், சுமார் 3.3 லிட்டர் ஊற்றுங்கள். வடியும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பின் மூடியைக் கழற்றி, கழுவி, பேரிங்குகளைப் பாருங்கள். ஸ்டீயரிங் பெட்டியின் ஆட்டத்தையும் இப்போதே இறுக்கிவிடுங்கள்.

படி 5: கிளட்ச்

கப் கேடட் கிளட்ச் மிக எளிமையானது. ஃப்ளைவீலில் ஒரு டிரைவ் பிளேட், அதில் மூன்று பின்கள். அந்தப் பின்கள் கிளட்ச் டிஸ்க்கைச் சுற்றவைக்கின்றன. டிஸ்க்கை இரண்டு பிரஷர் பிளேட் நெருக்குகின்றன, நெருக்குவது ஷாஃப்டில் உள்ள ஒரே ஒரு ஸ்பிரிங்.

என் வண்டியின் ஷாஃப்டைக் கழற்றியபோது, மூன்று பின்களிலும் நகத்தால் கீறிய மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. ஐம்பது வருடம் டிஸ்க் அடித்து அடித்து உண்டான பள்ளம். கிளட்ச் அழுத்தும்போது டிஸ்க் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், முழுதாக விடுபடாது. கியர் போடும்போது கரகரவென்று வந்த சத்தத்துக்கு அதுதான் காரணம். நான் வீணாகக் கியர் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். பின்களை மாற்றியதும் சத்தம் போனது.

கூடவே பைலட் புஷ், த்ரோ-அவுட் பேரிங், ஷாஃப்டின் பின்முனைக் கப்ளிங்கில் இணைப்புப் பின் (pin) நுழையும் துளை ஆகியவற்றையும் பாருங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது பின் போட்டாலும் நிற்காது. லேத்தில் கொடுத்துப் பெரிதாக்கித் தடித்த பின் போடுங்கள், அல்லது கப்ளிங்கையே மாற்றுங்கள். அசல் ஸ்பிரிங் புல் வெட்டுவதற்குப் போதும், ஸ்லெட்டுக்குப் போதாது. இழுவைக்கென்றே விற்கும் கடினமான ஸ்பிரிங் வாங்குங்கள். பெடல் கொஞ்சம் கனக்கும், பழகிவிடும். எல்லாம் சேர்த்த பிறகு ரிலீஸ் லீவருக்கும் த்ரோ-அவுட் பேரிங்குக்கும் நடுவே 0.050 அங்குல இடைவெளி ஃபீலர் கேஜால் வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி விட்ட நிலையில் வழுக்கி எரியும்.

படி 6: இன்ஜின்

கே301 ஒற்றைச் சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், 29 கன அங்குலத்துக்குச் சற்று மேல். நல்ல நிலையில் இருந்தால் ஸ்டாக் பிரிவில் எதற்கும் சளைக்காது. அதை நல்ல நிலைக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

முதலில் மேல்தகடுகளைக் கழற்றுங்கள். கொட்டகையில் கிடந்த வண்டியில் குளிரூட்டும் தகடுகளுக்குள் எலிக்கூடு இல்லாமல் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மேல்தகடுகளைத் திரும்பக் கட்டாயம் மாட்டுங்கள். எடை குறையும் என்று அதைக் கழற்றி எறிந்தால் ஹெட் சூடாகி வளையும்.

ஹெட்டைக் கழற்றி, கண்ணாடி மேல் எமரித்தாள் வைத்து எட்டு வடிவில் தேயுங்கள். சாம்பல் நிறம் ஒரே சீராக வந்தால் மட்டம். கரியைச் சுரண்டி, வால்வுகளைப் பேஸ்ட் போட்டு அரைத்து உட்காரவையுங்கள். குளிர்ந்த நிலையில் இன்டேக் வால்வு இடைவெளி 0.008 முதல் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.017 முதல் 0.020 வரை. புது கேஸ்கெட் போட்டு, ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று சுற்றாக 25 முதல் 30 அடி-பவுண்டுவரை இறுக்குங்கள்.

கனெக்டிங் ராடு அலுமினியம். எண்ணெய் பம்ப் கிடையாது, ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி எண்ணெயை வாரி இறைப்பதுதான் மொத்த ஏற்பாடு. எண்ணெய் அளவு குறைந்து, மூக்கும் எழுந்தால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. ஒவ்வொரு இழுவைக்கு முன்னும் அளவு பாருங்கள், எஸ்.ஏ.இ. 30 போதும். ராடில் கீறலோ ஆட்டமோ இருந்தால் யோசிக்காமல் புதிது போடுங்கள். பிற்காலத்து இன்ஜின் ஒன்றை மாற்றி வைத்திருந்தால் உள்ளே பேலன்ஸ் கியர்கள் இருக்கலாம். அவற்றின் பேரிங் தேய்ந்து உடைந்தால் பிளாக்கையே உடைக்கும். விதி அனுமதித்தால் எடுத்துவிடுவது நல்லது. அதிர்வு கூடும், வேறு இழப்பில்லை.

இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலத்தில் தொடங்கி, ஃப்ளைவீலில் உள்ள எஸ் குறி இன்ஜினின் பார்வைத் துளையில் தெரியும் கணத்தில் பாயிண்ட் திறக்கிறதா என்று சோதனை விளக்கால் பாருங்கள். டி குறி பிஸ்டனின் உச்சத்தைக் காட்டுவது, இரண்டையும் மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். பிளக் இடைவெளி 0.035.

கவர்னரைக் கழற்றாதீர்கள், சரிசெய்யுங்கள். சுமை ஏறும்போது த்ராட்டில் முழுதாகத் திறக்க வேண்டும். கவர்னர் லீவரின் நட்டைத் தளர்த்தி, த்ராட்டில் முழுதாகத் திறக்கும் பக்கம் அந்த லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குறுக்கு ஷாஃப்டின் முனையைப் பிளையரால் இடஞ்சுழியாகத் திருப்பி, முட்டி நிற்கும் இடத்தில் நட்டை இறுக்குங்கள். பல பழைய வண்டிகளில் இது தவறி, முழு சுமையிலும் த்ராட்டில் முக்கால்தான் திறக்கிறது. காசு செலவில்லாமல் கிடைக்கும் சக்தி இது. கடைசியில் டாக்கோமீட்டர் வைத்து உச்ச வேகம் விதிக்குள் இருக்கிறதா பாருங்கள், நடுவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள்.

படி 7: தடத்தில்

சீக்கிரம் போங்கள். எடை பார்த்ததும் தடத்தின் ஓரத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் சரி, டயர் நன்றாகக் கடிக்கும், மூக்கு எழ வாய்ப்புண்டு. ஒரு எடையை முன்னால் தள்ளுங்கள். பொடியாக உதிர்ந்தால் பிடி குறைவு, எடையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவரலாம். உங்களுக்கு முன் இழுப்பவர்களைக் கவனியுங்கள். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், எங்கே மண் குழிந்தது என்பது முக்கியம்.

கியரை முன்கூட்டியே தீர்மானியுங்கள். என் 122-இல் இரண்டாவது கியர்தான் பெரும்பாலும் சரி. நடுவில் மாற்ற முடியாது.

கொக்கி மாட்டியதும் மெல்ல முன்னேறிச் சங்கிலியின் தொய்வை எடுங்கள். துள்ளி இழுத்தால் தகுதி நீக்கம். பச்சைக் கொடி வந்ததும் பாதி த்ராட்டிலில் கிளட்சை ஒரே சீராக விட்டு, முழுதாகப் பிடித்த பிறகு த்ராட்டிலைத் தள்ளுங்கள். கிளட்சை மறுபடி தொடாதீர்கள். முன் சக்கரம் மண்ணில் இருக்கும் வரை சின்னச் சின்னதாக வழிநடத்துங்கள். டயர் ஒரே இடத்தில் தோண்டத் தொடங்கினால், அல்லது சிவப்புக் கொடி தெரிந்தால், உடனே கிளட்சை அழுத்தி த்ராட்டிலைக் குறையுங்கள். குழி தோண்டி ஓர் அங்குலம்கூடக் கிடைக்காது, அச்சுதான் உடையும்.

இறங்கியதும் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள், கொக்கி போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், கிளட்ச் வாசனை வருகிறதா என்று குனிந்து பாருங்கள். காற்று, எடைகளின் இடம், மண்ணின் ஈரம், மூக்கு எத்தனை அங்குலம் எழுந்தது, எத்தனை அடி போனது என்று ஐந்தையும் நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் தண்ணீர் குடிக்கப் போங்கள்.